தொண்ணூற்றெட்டுக்குப் பென்ஷன்

பாலேந்திரன் வீட்டுக் கம்ப்யூட்டர் எழும்புவதற்குள் வத்தேகமவிலிருந்து பஸ் ஏறிக் கண்டிக்குப் போய், மாக்கற்றில் ஒரு தேசிக்காய் வாங்கிக்கொண்டு திரும்பி வந்துவிடலாம். நான் ஒருமுறை போய் வந்தேன். வந்து பார்க்கும்போதும் அது மணற்குடுவைப் படத்தைத்தான் காட்டிக்கொண்டிருந்தது. நம்பாதவர்கள் என் மனைவி நல்லம்மாவைக் கேட்கலாம். அந்தத் தேசிக்காயைப் பிழிந்தவள் அவள்தான்.

பாலேந்திரன் எனக்குப் பக்கத்து வீடு. எங்கள் ஒழுங்கை ஒரு குறுகிய சந்து, மலைச்சரிவில் இருக்கிறது. மேலே அவர் வீடு, கீழே என் வீடு, நடுவில் மிளகுக்கொடி ஏறிய நாலைந்து முருங்கை மரம். அவர் யாழ்ப்பாணத்து ஆள், நில அளவையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். விக்டோரியா அணை கட்டிய வருஷங்களில் தெல்தெனியப் பக்கம் சுரங்கத்துக்கு வெடி வைக்கிற இடங்களில் நின்று அளந்திருக்கிறார். மலையை உடைத்த வெடி அப்படியே அவருடைய காதையும் உடைத்துவிட்டது. வலது காதோடு வாயை வைத்துக் கத்தினால் பாதி விழும். இடது காதுக்குள் கண்டிப் பெரஹெராவையே யானையோடு நடத்தலாம், அவர் பாட்டுக்குப் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். டெலிபோன் அவரைப் பொறுத்தமட்டில் ஒரு கறுத்தக் கட்டை.

அவருடைய மனைவி சத்தியபாமா 2006 ஜூலையில் யாழ்ப்பாணம் போனார். கொக்குவிலில் இருந்த தாயார் கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். இரண்டு கிழமையில் வந்துவிடுவதாகத்தான் பேச்சு. அடுத்த மாதமே சண்டை தொடங்கிப் பாதையை மூடிவிட்டார்கள். பிறகு அங்கிருந்து வருவதென்றால் கப்பல் வேண்டும். கப்பல் ஏறப் பாஸ் வேண்டும். பாஸ் கிடைக்கத் தவம் வேண்டும். அடுத்த வருஷம் பாதி கழிந்தும் அவர் அங்கேதான்.

பிள்ளைகள் இல்லை. ஆகவே மேல்வீட்டில் பாலேந்திரனும் கம்ப்யூட்டரும் மட்டும் இருந்தார்கள். இருவரில் கம்ப்யூட்டர்தான் அதிகம் முனகும்.

புதன்கிழமை பின்னேரம், ஊரடங்கு விட்டுக்கொடுத்தால், சத்தியபாமா கொக்குவில் சந்தியில் உள்ள கொமியூனிகேஷன் கடைக்குப் போய், அங்குள்ள கம்ப்யூட்டருக்கு முன்னால் இருப்பார். இங்கே பாலேந்திரன் வெளுத்த சேர்ட் போட்டு, தலை சீவி, பெண் பார்க்கப் போகிறவரைப் போலத் திரைக்கு முன்னால் இருப்பார். இருவரும் ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டித் தட்டிப் பேசுவார்கள். நான் எட்டிப் பார்த்திருக்கிறேன். காதல் கடிதம் எதிர்பார்த்துத்தான் எட்டிப் பார்த்தேன்.

"என்ன சமைச்சனீங்கள்?"

"புட்டு."

"கறி?"

"இல்லை."

"அப்ப என்னத்தோட?"

"சீனி."

இதை எழுதி முடிக்க இருவருக்கும் அரை மணித்தியாலம் பிடிக்கும். ஒற்றை விரல் தட்டு. அந்த அரை மணித்தியாலத்துக்காக அவர் மற்ற ஆறு நாளும் உயிரோடு இருந்தார் என்றுதான் நான் சொல்வேன். காப்புறுதி முகவராக நாற்பது வருஷம் வேலை செய்தவன் நான். யார் எதற்காக உயிரோடு இருக்கிறார்கள் என்பது எனக்கு ஓரளவு பிடிபடும்.

போகும்போது சத்தியபாமா ஒன்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அந்தப் பேசுகிற புரோகிராமில் "வெளியேறு" என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அமத்தக் கூடாது. வீட்டிலிருந்து ஒருவர் பயணம் போயிருக்கும்போது மிச்சமுள்ளவர் வெளியேறு என்று ஒன்றை அமத்தினால் நல்லதா? வாசலில் நின்று போறேன் என்று யாராவது சொல்வோமா? போயிட்டு வாறன் என்றல்லவா சொல்லுவோம்! பாலேந்திரன் அளவுச்சங்கிலியை மட்டும் நம்புகிற மனுஷன், சகுனத்தைச் சிரித்தே துரத்துவார். ஆனாலும் அந்தப் பொத்தானை அவர் தொடவில்லை. கரண்ட் போய் வந்தாலும் புரோகிராம் தானாகவே உள்ளே போய் நின்றுகொள்ளும்.

ஒரு புதன்கிழமை அவர் முருங்கை மரங்களுக்கு நடுவாகச் சறுக்கிக்கொண்டு என் முற்றத்துக்கு வந்தார். நானும் நல்லம்மாவும் பாயில் மிளகு காயப் போட்டுக்கொண்டிருந்தோம். அவர் வந்த வேகத்தில் மிளகு ஹுன்னஸ்கிரி மலைவரை பறந்தது.

"ஐசே ராஜலிங்கம், ஒருக்கால் வந்து பாரும். அவங்கள் என்னை வெளியில போட்டிட்டாங்கள்!"

"யாரு சேர்? ஆமிக்காரனா?"

"அமெரிக்காக்காரன்!"

போய்ப் பார்த்தேன். திரையில் ஒரு சாம்பல் பெட்டி. உங்களுடைய பதிப்புக்கு இனி ஆதரவு கிடையாது, புதியதை இறக்கிக்கொள்ளுங்கள் என்று மரியாதையாகத்தான் எழுதியிருந்தது. மரியாதையாகக் கழுத்தைப் பிடித்துத் தள்ளுவது என்பது அதுதான். டெலிபோன் லைனில் அதை இறக்கத் தொடங்கினோம். இறங்குகிற வேகத்தைப் பார்த்தால் அமெரிக்காவிலிருந்து யாரோ ஒருவர் அதைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்து வருவதுபோல் இருந்தது. மறுநாள் வந்து சேர்ந்தது. போட்டோம். இன்னொரு சாம்பல் பெட்டி: உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கிற விண்டோஸ் தொண்ணூற்றெட்டில் இது ஓடாது.

பாலேந்திரன் கதிரையில் சாய்ந்தார்.

"பாரும் ஐசே அநியாயத்தை. புது புரோகிராம் வேணுமெண்டால் புது சிஸ்டம் போட வேணுமாம். புது சிஸ்டம் போட்டால் இந்த மெஷின் தாங்காதாம். நான் என்ன, இதில ரொக்கற்றே விடக் கேக்கிறன்? சீனியோட புட்டுத் திண்டனான் எண்டு சொல்லத்தானே!"

"ஓடிக்கிட்டு இருந்ததை ஏன் சேர் நிப்பாட்டுறானுக?"

பாதி விழுந்திருக்க வேண்டும். "வயது போயிட்டுதாம். எனக்குப் பென்ஷன் தரேக்கையெண்டாலும் ஒரு பார்ட்டி வச்சுப் பொன்னாடை போத்தினவங்கள். இதுக்கு ஒரு தேத்தண்ணி கூட இல்லை."

சிரித்தோம். ஆனால் சிரித்து முடிந்தபோது மணி நாலரை. அதற்கு முதல் நாள் புதன். சத்தியபாமா வந்து காத்திருந்துவிட்டுப் போயிருப்பார். அது இருவருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது.

யாழ்ப்பாணத்துக்குப் போன் எடுத்தால் லைன் செத்துக் கிடந்தது. அந்தக் காலத்தில் அது அடிக்கடி சாகும், திடீரென்று உயிர்க்கும், மறுபடி சாகும். அடுத்த புதனும் அப்படியே போனது.

சரி, மெஷினை மடவளைக்குக் கொண்டுபோவோம் என்றேன். அங்கே பள்ளிவாசல் ஒழுங்கையில் ஜவாஹிர் என்று ஒருவர் இருந்தார். பாடையில் ஏற்றிய கம்ப்யூட்டரைக்கூட எழுப்பிவிடுவார் என்று பேர். பெட்டியைச் சத்தியபாமாவின் பழைய சேலையொன்றில் சுற்றி, முடிச்சுப் போட்டு, பாலேந்திரன் மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தார். தூறல். பஸ் யன்னலெல்லாம் ஒரே நீராவி. பாதி வழியில் செக்பொயின்ற். எல்லாரையும் இறக்கினார்கள்.

இந்த இடத்தில் நான் கொஞ்சமும் கூட்டிச் சொல்லவில்லை. ஓர் ஆமிப் பொடியன் "நவதின்ன!" என்று கத்துகிறான். நில் என்று அர்த்தம். பாலேந்திரனுக்குக் கேட்கவில்லை. சேலை சுற்றிய பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு, நனையாமல் இருக்க ஒரு கடையின் தாழ்வாரத்தைப் பார்த்து விறுவிறென்று நடக்கிறார். பொடியன் துவக்கை நிமிர்த்துகிறான். நான் ஓடிப்போய்ப் பாலேந்திரனின் சேர்ட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு, எனக்குத் தெரிந்த சிங்களம், தெரியாத சிங்களம் எல்லாவற்றையும் கொட்டினேன். காது கேட்காத மனுஷன் மஹத்தயா, கம்ப்யூட்டர் மஹத்தயா, வருத்தம் மஹத்தயா.

"காட்டத அசனீப? எயாட்டத, மேக்கட்டத?" யாருக்கு வருத்தம், அவருக்கா இதுக்கா என்று கேட்டான்.

"தென்னாட்டம" என்றேன். இரண்டு பேருக்கும்.

முடிச்சை அவிழ்த்தான். உள்ளே டோர்ச் அடித்துப் பார்த்தான். சிலந்தி வலையும் இரண்டு பல்லி முட்டையும். அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருபது வயதுகூட இருக்காது. சேலையைத் தானே திரும்பச் சுற்றிக் கட்டிக் கொடுத்தான். பாலேந்திரன் அவனைப் பார்த்து உரத்து "தேங்க் யூ மகன்" என்றார். நடந்தது என்னவென்று அவருக்குப் பஸ்ஸில் ஏறிய பிறகுதான் நான் காதில் கத்தினேன்.

ஜவாஹிர் பெட்டியைத் திறந்து, சாமான்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, பழைய பெயின்ற் பிரஷ்ஷால் தூசு தட்டினார். ஒரு ரப்பர் எடுத்து நினைவகத் தகட்டின் பொன் நிறப் பற்களைத் தேய்த்தார். குழந்தைக்குப் பல் துலக்குவதுபோல் இருந்தது. எல்லாவற்றையும் திரும்பப் பூட்டி, காதை வைத்துக் கேட்டார்.

"நானா, இது மவுத்தாகல்ல. நல்ல சொகமா ஈக்குது. ஆனா புது சிஸ்டத்தப் போட்டா இதுக்கு மூச்சு முட்டும். கெழவன் தலையில அரிசி மூட்டைய வெக்கச் செல்றீங்க."

"என்ன சொல்லுறார்?" என்றார் பாலேந்திரன்.

"சுகமாத்தான் இருக்காம் சேர்! ஆனா பிரயோசனம் இல்லையாம்!" என்று கத்தினேன்.

"அப்ப என்னைப் போலத்தான்" என்றார். கடையில் இருந்தவர்களெல்லாம் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

பேரம் பேசி, ஜவாஹிர் கைப்படப் பூட்டிய ஒரு பாவித்த மெஷினை வாங்கினோம். புது சிஸ்டம், புது புரோகிராம், எல்லாம் உள்ளே. பழையதையும் பாலேந்திரன் விட்டுவிட்டு வர மறுத்துவிட்டார். ஆகவே திரும்பும்போது ஆளுக்கொரு பெட்டி.

புதியது பட்டென்று எழும்பியது. தேசிக்காய்க்கு ஒழுங்கை முனைக்குக்கூடப் போக முடியாது. புரோகிராம் திறந்தது. அவருடைய பெயரைக் கேட்டது, தட்டினார். பாஸ்வேர்டைக் கேட்டது.

பாலேந்திரன் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

அவர் அதுவரை ஒரு நாளும் அதைத் தட்டியதில்லை. தொடக்கத்தில் போட்டது சத்தியபாமா. பிறகுதான் யாரும் வெளியேறவே இல்லையே, உள்ளே போக என்ன தேவை? உலகத்தில் எத்தனையோ கோடிப் பேர் பாஸ்வேர்டை மறந்திருப்பார்கள். மரியாதைக்காக ஒரு பொத்தானை அமத்தாமல் இருந்து பாஸ்வேர்ட் தெரியாமல் போனவர் இவர் ஒருவராகத்தான் இருப்பார். பழைய மெஷினைப் பூட்டிப் பார்த்தோம். அது சாம்பல் பெட்டியைக் காட்டிவிட்டு, பாஸ்வேர்ட் இருக்கிற இடத்தில் புள்ளி புள்ளியாகத்தான் பதில் சொன்னது.

அதற்கடுத்த புதன், கும்பிட்ட சாமிகளில் எதுவோ இரங்கி, என் வீட்டுப் போனில் கொக்குவில் கொமியூனிகேஷன் கிடைத்தது. சத்தியபாமா அங்கேதான் இருந்தார்.

"ஹலோ, ஆர்?"

"நான் ராஜலிங்கம்மா, வத்தேகம."

"ஐயோ அண்ணை! அவருக்கு என்ன?"

"அவரு கல்லு மாதிரி இருக்காரும்மா. கம்ப்யூட்டர்தான் படுத்திருச்சு."

மறுபக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். "மனுசன் சாப்பிடுறாரோ எண்டு ஒருக்காக் கேளுங்கோ அண்ணை."

நான் பாலேந்திரனின் வலது காதுக்குத் திரும்பினேன். "சேர்! நீங்க சாப்பிடாம இருப்பீங்களோன்னு நெனச்சு அவங்களுக்கு அங்க ஒரு வாய் இறங்கலையாம்! கண்ணீர்லதான் சோறு பிசையிறாங்களாம்!"

அவர் என்னைக் கூர்ந்து பார்த்தார். "ஐசே, அவ அப்பிடிச் சொல்லமாட்டா. என்ன சொன்னவ?"

"சாப்பிடுறீங்களான்னு கேட்டாங்க."

"அதைச் சொல்லும். தண்ணி கலக்காமல் சொல்லும்." பிறகு போனைப் பிடித்து, கொக்குவில் வரை கம்பி இல்லாமலே கேட்கிற மாதிரி, "சாப்பிடுறன்! நல்லாச் சாப்பிடுறன்!" என்று கத்திவிட்டு என்னிடம் தந்தார்.

"கறியோ கேளுங்கோ" என்றார் சத்தியபாமா.

"கறிதானாம்மா. நல்லம்மா குடுத்தனுப்புறா." அதில் பாதி உண்மை. "அம்மா, அந்தப் பாஸ்வேர்டு என்னன்னு…"

"ஸ்… அண்ணை!"

அந்தக் காலத்து யாழ்ப்பாண லைனில் எப்போதும் மூன்றாவது ஆள் ஒருவர் மூச்சு விடுவார். எனக்கென்றால் அவர் வெற்றிலை மெல்லுகிற சத்தம்கூடக் கேட்டது.

"எழுத்தெழுத்தாய் போனில சொன்னால் கேக்கிறவை என்னெண்டு நினைப்பினம்? எனக்கும் கரைச்சல், அவருக்கும் கரைச்சல். பின்னால சனமும் நிக்குது." குரல் தாழ்ந்தது. "அவருக்குத் தெரியும் அண்ணை. வீட்டில அவர் என்னை என்னெண்டு கூப்பிடுறவர்? அதுதான்."

தண்ணி கலக்காமல் பாலேந்திரனிடம் சொன்னேன். அவர் முகத்தில் ஒன்றும் ஓடவில்லை. பிறகு மெல்ல, "தெரியும் எண்டு சொல்லும்" என்றார். சொல்வதற்குள் லைன் செத்துவிட்டது.

அன்று பின்னேரம் முழுவதும் தட்டினார். சத்தியபாமா. இல்லை. சத்தியா. இல்லை. பாமா. அதுவும் இல்லை. வீட்டில் தாய் கூப்பிடுகிற செல்லப்பெயர், சத்தியபாமா முன்பு படிப்பித்த பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சொல்கிற ரீச்சர், எல்லாம் போட்டார். புரோகிராமுக்கே சந்தேகம் வந்து, பிறகு முயன்று பார்க்கவும் என்று கதவைச் சாத்தியது. நல்லம்மா ரொட்டியும் கட்டசம்பலும் கொண்டுவந்து வைத்துவிட்டு, அவருக்குக் கேட்காது என்ற தைரியத்தில் என்னிடம் சொன்னாள்: "நீங்க என்னயக் கூப்புடுறதை பாஸ்வேர்டா வச்சா, போலீஸ்காரன் வந்து புடிச்சிக்கிட்டுப் போவான்."

"சேர், அம்மாவ என்னன்னுதான் கூப்புடுவீங்க?" என்று கத்தினேன்.

அவர் ரொட்டியைப் பிய்த்தார், வாயில் வைக்கவில்லை. "பேர் சொல்லிக் கூப்பிட்டதாய் ஞாபகமே இல்லை ஐசே. எத்தினை வருசம் ஒண்டாய் இருந்தனாங்கள். ஒரு பேர்கூட வைக்கேல்லையோ நான்? அவ தெரியும் எண்டு நினைச்சுக்கொண்டு இருக்கிறா." சம்பலை ஒரு பக்கமாக ஒதுக்கினார். "காணியெண்டால் எல்லைக்கல்லு எங்க கிடக்குது எண்டு இப்பவும் சொல்லுவன்."

லைன் மறுபடி உயிர்க்கவில்லை. அடுத்த புதனும் வெளுத்த சேர்ட் போட்டு, திறக்காத திரைக்கு முன்னால் இருந்தார். அதற்கடுத்த புதன் சேர்ட்டும் போடவில்லை. ஒரு நாள் பின்னேரம் நான் போனபோது, பென்ஷன் எடுத்த பழைய மெஷினைத் திறந்து வைத்து, அதன் வயிற்றைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். எதற்கென்று நான் கேட்கவில்லை.

அது ஒரு வியாழக்கிழமை. ஹுன்னஸ்கிரிப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்து, முதல் துளி விழுந்தது. நானும் நல்லம்மாவும் மிளகுப் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தோம். மேல்வீட்டிலிருந்து ஒரு சத்தம்.

"இஞ்சேரும்!"

மலையில் மோதித் திரும்பியது. கீழ் ஒழுங்கையில் நாய் எழுந்து நின்றது. நல்லம்மா கையிலிருந்த பாயை விட்டுவிட்டாள். அம்மா வந்துவிட்டாரா என்ன?

சத்தியபாமா இருந்த நாளெல்லாம் எங்கள் ஒழுங்கை அந்தச் சத்தத்தில்தான் விடியும். தன் குரல் தனக்குக் கேட்காத மனுஷன் கூப்பிடுகிற கூப்பிடு அது. இங்கே பாரும் என்பதைச் சுருக்கி, இஞ்சேரும், தேத்தண்ணி! இஞ்சேரும், கண்ணாடியைக் கண்டனீரோ! அதை யாரும் பெயராகக் கேட்டதில்லை. பஸ் ஹோர்னைப்போல, மழையைப்போல, அதுபாட்டுக்கு இருந்தது. நின்றுபோனதைக்கூட நாங்கள் கவனிக்கவில்லை.

நனைந்துகொண்டே மேலே ஓடினேன். பாலேந்திரன் கம்ப்யூட்டருக்கு முன்னால் எழுந்து நின்றிருந்தார். முகம் குசினி வாசலைப் பார்த்தபடி இருந்தது. குசினியில் அடுப்பு அணைந்து கிடந்தது.

என்னைக் கண்டதும் கூச்சப்பட்டார். "இல்லை ஐசே. தட்டித் தட்டிப் பார்த்து அலுத்துப் போய், அவவிட்டையே கேப்பமெண்டு…" என்றார். "அவ இல்லை எண்டது ஒரு கணம் மறந்து போச்சு. என்னெண்டு கூப்பிடுறனான் எண்டு அவவிட்டையே கேக்கப் போய்…"

அப்படியே நிறுத்தினார்.

பிறகு கதிரையில் இருந்து, ஒற்றை விரலால், ஒவ்வொரு எழுத்தாக அந்தக் கூப்பிடுதலைத் தட்டினார். புரோகிராம் ஒரு தடவை சுற்றியது. திறந்தது.

உள்ளே ஒரேயொரு பெயர் இருந்தது. சாம்பல் நிறத்தில். ஆள் இல்லை என்று அர்த்தம். ஆனால் அந்தப் பெயருக்குக் கீழே, கதவு பூட்டியிருந்த கிழமைகளில் வந்து தட்டிவிட்டுப் போனவை எல்லாம் ஒன்றின் கீழ் ஒன்றாக விழுந்தன.

"இஞ்சேருங்கோ."

"இஞ்சேருங்கோ, நிக்கிறீங்களோ?"

"இஞ்சேருங்கோ."

"அண்ணையோட கதைச்சனான். ஞாபகம் வந்ததோ?"

"இஞ்சேருங்கோ, இன்னும் வரேல்லையோ?"

"இஞ்சேருங்கோ. இந்த முறையும் பாஸ் இல்லையாம்."

"இஞ்சேருங்கோ."

ஆயிரம் இருந்தது என்று சொல்ல எனக்கு ஆசைதான். இருந்தது அவ்வளவுதான்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். நான் அவருடைய வலது காதருகே குனிந்தேன். "இன்னைக்கு வியாழன் சேர்! இனி புதன்தான் வருவாங்க!"

"தெரியும் ஐசே" என்றார்.

தெரிந்துகொண்டே தட்டத் தொடங்கினார். ஓம். அனுப்பினார். மேலே பார்த்து, இரண்டாவது கூப்பிடுதலை விரலால் தொட்டார். ஓம், நிக்கிறன். அனுப்பினார். மூன்றாவதுக்கும் அடுத்தவைக்கும் ஒவ்வொன்றாக: ஓம். வந்தது. இப்பதான். பாஸ் இல்லையென்ற வரியில் விரல் கனநேரம் நின்றது. அதற்கும் ஓம் என்றுதான் போட்டார். வெளியே மழை ஓட்டில் கொட்டிக்கொண்டிருந்தது. அவர் கடைசி வரிக்கு வந்து, முதல் எழுத்தைத் தேடிக்கொண்டிருந்தார்.

நான் சத்தம் போடாமல் எழுந்து வெளியே வந்தேன். போட்டிருந்தாலும் அவருக்குக் கேட்டிருக்காது.